தேர்தல் கால வெறுப்புப் பேச்சும் நமது வணிகமும்

கரிசல் வட்டாரத்தில் வியாபாரம் என்பது பெரும்பாலும் கடன் வியாபாரமே. ஐப்பசியில் விதைப்பு முடிந்ததும் கிராமத்துக் கடைக்காரர் பலசரக்கைப் பற்று எழுதிக் கொண்டு போவார். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், மிளகாய் வத்தல் எல்லாம் காசான பிறகு, மாசி முதல் சித்திரை வரையிலான மாதங்களில்தான் பாக்கி திரும்பி வரும். சமீபத்திய தேர்தல்களின் வாக்குப்பதிவு நாட்களைப் பாருங்கள்: 2019 ஏப்ரல் 18, 2021 ஏப்ரல் 6, 2024 ஏப்ரல் 19. நமது வசூல் காலமும் பிரச்சார காலமும் ஒன்றாகவே வருகின்றன. ஆகவே அந்தச் சமயத்தில் ஊருக்குள் மூளும் பகை முதலில் விழுவது நமது பேரேட்டின் மேல்தான்.

தென் மாவட்டங்களில் 1995லும் 1997லும் நடந்த சாதிக் கலவரங்களை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கடையடைப்பு, பஸ் நிறுத்தம், வெளியூர்ச் சரக்கு வராமை என்று பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல. அன்று ஒரு வதந்தி பரவ வேண்டுமானால் சுவரொட்டியோ துண்டுப் பிரசுரமோ ஆள் பேச்சோ வேண்டும். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127-ஏ பிரிவு சொல்கிறது. இன்று கைபேசியில் வரும் செய்திக்குப் பெயரும் இல்லை, ஊரும் இல்லை. ஒருவர் விரல் தொட்டால் நூறு வீட்டுக்குப் போய்விடுகிறது.

பொன்னமராவதியில் நடந்தது

2019 நாடாளுமன்றத் தேர்தலின் வாக்குப்பதிவை ஒட்டி, புதுக்கோட்டை மாவட்டம் பொன்னமராவதிப் பகுதியில் ஓர் ஒலிப்பதிவு வாட்ஸ்அப்பில் பரவியது. ஒரு சமூகத்தாரையும் அவர்கள் வீட்டுப் பெண்களையும் இழிவாகப் பேசும் உரையாடல் அது. மக்கள் கொதித்துக் காவல் நிலையத்தின் முன் திரண்டார்கள். கல்வீச்சு நடந்தது, காவல்துறை வாகனங்கள் சேதமடைந்தன. 49 கிராமங்களுக்கு 144 தடையுத்தரவு போடப்பட்டது. சில நிமிடப் பேச்சுக்கு ஒரு வட்டாரமே முடங்கியது.

வணிகரையே குறிவைத்த சம்பவமும் உண்டு. 2018 பிப்ரவரியில் இலங்கை அம்பாறையில், முஸ்லிம் ஒருவரின் உணவகத்துக் கறியில் கிடந்த கட்டி கருத்தடை மாத்திரை என்று கிளப்பிவிட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. அரசு ஆய்வாளர் சோதித்ததில் அது வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. ஆனால் அறிக்கை வருவதற்குள் கடை போய்விட்டது. அடுத்த மாதம் வேறொரு சம்பவத்தை ஒட்டிக் கண்டி மாவட்டம் திகன பகுதியில் கலவரம் மூண்டபோது, அவசரநிலை அறிவித்துச் சமூக வலைத்தளங்களையே அந்நாட்டு அரசு முடக்க வேண்டியதாயிற்று. அந்தக் கலவரத்தில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது.

எது வெறுப்புப் பேச்சு?

ஒரு கட்சியை, வேட்பாளரை, அரசின் வரிக் கொள்கையைக் கடுமையாக விமர்சிப்பது வெறுப்புப் பேச்சு ஆகாது. அது குடிமகனின் உரிமை. பிறருக்கு எரிச்சல் தரும் பதிவு என்பதற்காகவே தண்டிக்க இடம் தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015இல் ரத்து செய்ததும் நமக்குத் தெரியும். ஆனால் ஒருவரின் சாதி, மதம், மொழி, பிறந்த ஊர் இவற்றைக் காட்டி, அந்தக் கூட்டமே கெட்டது, அவர்களை விரட்டு, அவர்கள் கடையில் வாங்காதே என்று தூண்டுவது வேறு. செயலைக் குறை சொல்வது விமர்சனம்; பிறப்பைக் குறை சொல்லிப் பகை மூட்டுவது வெறுப்பு.

தேர்தலை ஒட்டி இப்படிப் பகை வளர்த்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 125ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறை உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவு, மின்னணு வழியாகச் செய்வதையும் சேர்த்தே குற்றமாக்குகிறது. புகார் வராவிட்டாலும் போலீசார் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

"நான் எழுதவில்லையே, வந்ததை அனுப்பினேன்" என்பது பலர் சொல்லும் சமாதானம். பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவைப் பகிர்ந்த வழக்கில் நடிகர் எஸ்.வி.சேகரும் அதையே சொன்னார். ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. வழக்கை ரத்து செய்ய 2023இல் உச்ச நீதிமன்றமும் மறுத்தது. குழு நிர்வாகியைப் பொறுத்தவரை, நிர்வாகி என்பதாலேயே அவர் குற்றவாளி ஆகமாட்டார் என்று 2021இல் மதுரைக் கிளை தீர்ப்பளித்துள்ளது. அதற்காக அவர் கண்ணை மூடிக் கொள்ளலாம் என்று பொருளில்லை.

நாம் செய்யக் கூடியவை

1. விலை, வரத்து, லாரி விவரம் பேசவே வணிகக் குழு. பிரச்சார நாட்களில் நிர்வாகிகள் மட்டும் செய்தி இடும்படி அமைத்துக் கொள்ளலாம்.

2. இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கை மாறி வந்தது. அனுப்பியவர் நம்மவரானாலும் உண்டாக்கியவர் யார் என்று தெரியாது. ஆளுக்கு ஆள் ஜாமீன் இல்லாமல் சரக்குக் கொடுப்போமா? செய்திக்கும் அதே கணக்குத்தான்.

3. "எவ்வளவு அநியாயம், பாருங்கள்" என்று கண்டித்து அனுப்பினாலும் நஞ்சு பரவத்தான் செய்யும். படம் பிடித்து, வந்த எண்ணையும் தேதியையும் குறித்து வைத்து, காவல் நிலையத்திலோ தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ கொடுங்கள். தேர்தல் சம்பந்தமான புகாருக்கு 1950 என்ற எண் உள்ளது. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் வசதி அங்கேயே பதிவு செய்வதை மட்டுமே ஏற்கும். கைபேசிக்கு வந்த செய்தியை அதில் ஏற்ற முடியாது.

4. ஒரு கடையைப் புறக்கணிக்கச் சொல்லிச் செய்தி வந்தால், அது போட்டிக் கடையாக இருந்தாலும் சங்கத்தில் உடனே தெரிவியுங்கள். இன்று அவர் கடை, நாளை நம் கடை.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். வியாபாரிக்கு அது திண்டாட்டம்தான். தேர்தல் முடிந்தால் வேட்பாளர் சென்னைக்கோ டெல்லிக்கோ போய்விடுவார். எட்டயபுரத்துக்காரரும் கழுகுமலைக்காரரும் விளாத்திகுளத்துக்காரரும் மறுபடி நம் கடைக்குத்தான் வர வேண்டும். நாமும் அவர்கள் ஊருக்குத்தான் வசூலுக்குப் போக வேண்டும். அந்த வழி அடைபடாமல் பார்த்துக் கொள்ளும்படி வணிகப் பெருமக்கள் அனைவரையும் கேட்டுக் கொள்கிறேன்.