பத்துப் பேர் படித்த பிறகு மனைவிக்கு

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1915-ன் தொடக்கத்தில் பிரான்சிலிருந்த இந்தியச் சிப்பாய்கள் வாரத்துக்குப் பத்தாயிரம் கடிதங்களுக்கு மேல் ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பஞ்சாப், கட்வால், வடமேற்கு எல்லைப்புறம் என்று போன கடிதங்கள். மாதம் 11 ரூபாய் அடிப்படைச் சம்பளத்துக்கு வந்த அந்தச் சிப்பாய்களில் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதத் தெரிந்த சகாவைப் பிடித்து, பக்கத்தில் உட்கார்ந்து, சொல்லச் சொல்ல எழுதவைத்தார்கள்.

எழுதியதை முதலில் படையணி அதிகாரி பார்த்தார். அடுத்து, பிரான்சின் பூலோன் நகரில் இந்தியத் தபால்களுக்கென்றே இருந்த தணிக்கை அலுவலகம். அதன் தலைவர் ஈவ்லின் ஹோவெல், இந்திய நிர்வாகத்தில் பணியாற்றியவர். இதையெல்லாம் தாண்டி ஊருக்குப் போனால், படிக்கத் தெரிந்த யாராவது உரக்கப் படிக்க, வீடே சுற்றி உட்கார்ந்து கேட்கும். மாமனாரும் மைத்துனரும் கேட்கும் இடத்தில் கட்டியவளுக்கென்று ஒருவன் என்னதான் சொல்லிவிட முடியும்? அதனால் கடிதங்கள் பெரும்பாலும் அப்பா பேருக்கும் அண்ணன் பேருக்கும்தான் போயின. மனைவியின் பேருக்கே எழுதியவை குறைவு.

தணிக்கை நடக்கிறது என்பது சிப்பாய்களுக்குத் தெரியும். அதற்கும் வழி வைத்திருந்தார்கள். கருமிளகு என்றால் இந்தியச் சிப்பாய், சிவப்பு மிளகாய் என்றால் வெள்ளைக்காரச் சிப்பாய். மிளகு தீர்ந்துகொண்டே வருகிறது என்று எழுதினால், ஊரில் இருப்பவர்கள் புரிந்துகொண்டு தம்பியைப் பட்டாளத்தில் சேர விடாமல் தடுக்க வேண்டும். ஹோவெலின் ஆட்களுக்கும் அது புரிந்துபோயிற்று. கடிதத்தை நிறுத்துவதைவிடப் படித்துக் குறிப்பெடுப்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. சிப்பாய்களின் மனநிலை அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது.

குண்டுகள் ஆவணி மழையாய்ப் பொழிகின்றன என்று எழுதினார்கள். காயம் ஆறியவனை மறுபடியும் பதுங்குகுழிக்கே அனுப்புகிறார்களே என்று குமுறினார்கள். எனக்கு மிகவும் பிடித்தவை வேறு சில கடிதங்கள். பிரெஞ்சு கிராமங்களில் ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, பெண்களே பண்ணையையும் கணக்கையும் பார்த்துக்கொள்வதைக் கண்டவர்கள், நம் வீட்டுப் பெண்களும் படிக்க வேண்டும், மகளைப் பள்ளிக்கூடம் அனுப்புங்கள் என்று எழுதினார்கள். மனைவி படித்திருந்தால் கடிதத்தை அவளே பிரித்திருப்பாள், நடுவில் ஒருவர் தேவைப்பட்டிருக்க மாட்டார். அந்த ஏக்கமும் இதில் கலந்திருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

இந்தக் கடிதங்கள் போய்க்கொண்டிருக்கையிலேயே, 1915 மார்ச் 10-ம் தேதி பிரான்சின் நூவ் ஷாப்பேலில் சண்டை தொடங்கியது. மூன்றே நாளில் இந்தியப் படைப்பிரிவில் நாலாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள், அல்லது காயமுற்றார்கள். முதல் நாளே இறந்தவர்களில் ஒருவர் கட்வால் ரைபிள்ஸைச் சேர்ந்த கபர் சிங் நேகி. இருபது வயதுகூட நிறையவில்லை. இறந்த பிறகு அவருக்கு விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள். மனைவி சதூரி தேவி அப்போது சிறுமி. மறுமணம் செய்துகொள்ளாமல், அந்தப் பதக்கத்தைத் தன் உடையிலேயே குத்திக்கொண்டு முதுமைவரை கட்வால் மலைகளில் வாழ்ந்தார். எதிரே வரும் ராணுவத்தினர் அவருக்கு சல்யூட் வைப்பார்களாம்.

தணிக்கை அலுவலகம் தன் அறிக்கைகளோடு இணைத்த கடிதப் பகுதிகள் இன்று லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அவற்றிலிருந்து 600-க்கும் மேற்பட்ட கடிதங்களைத் தொகுத்து டேவிட் ஓமிசி 1999-ல் புத்தகமாகக் கொண்டுவந்தார். போர் வரலாற்றை ராஜதந்திரிகளின் வாயால் மட்டுமே கேட்டுப் பழகியவர்களுக்கு அது பெரிய திறப்பு. ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. அவற்றைத் தேர்ந்தெடுத்தது தணிக்கை அதிகாரியின் கண். அதிருப்தி, வதந்தி, வெள்ளைக்காரப் பெண்களோடு பழக்கம், ரகசியக் குறிப்பு ஆகியவற்றையே அந்தக் கண் தேடியது. எருமை கன்று போட்டதா, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டதா, மணியார்டர் வந்ததா, அம்மாவோடு சண்டை போடாமல் இருக்கிறாயா என்று ஒருவன் எழுதியிருந்தால் சாம்ராஜ்யத்துக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை. முத்திரை குத்தி அனுப்பியிருப்பார்கள்.

கணவன் மனைவியிடம் பேசியது அந்தச் சாதாரணக் கடிதங்களில்தான். ஆபத்தில்லாதவை என்பதால் அவை நகலெடுக்கப்படாமல் நேரே வீடு போய்ச் சேர்ந்தன. லண்டன் ஆவணங்களை வரலாற்றாசிரியர்கள் போதுமான அளவு புரட்டிவிட்டார்கள். இனி பஞ்சாபிலும் கட்வாலிலும் வீடு வீடாகப் போய், பழைய டிரங்குப் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும்.