ஊரார் வாங்கிய காற்றாலை

தெருவிளக்குக்கும் குடிநீர் ஏற்றுவதற்கும் ஆகும் மின்கட்டணத்தைப் பலமனேரில் நகராட்சி செலுத்துகிறது; சிற்றூர்களில் ஊராட்சி செலுத்துகிறது. கோவை மாவட்டம், மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறை ஊராட்சிக்கு அக்கட்டணம் பெருஞ்சுமையாயிற்று. ஆகவே, 2006ஆம் ஆண்டில் 350 கிலோவாட் திறனுள்ள காற்றாலை ஒன்றை அது சொந்தமாக வாங்கியது. விலை ஒரு கோடியே 55 லட்சம் ரூபாய். ஊராட்சியின் சேமிப்பு 40 லட்சம். எஞ்சியது வங்கிக் கடன். துணிச்சலான முடிவுதான்! காற்று பொய்த்தால் கடன் ஊரார் தலையில் அன்றோ விழும்?

காற்றாலை நிற்பது ஓடந்துறையில் அன்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே காற்று வலுவாக வீசும் உடுமலைப்பேட்டைப் பகுதியில் அது நிற்கிறது. அங்கு உண்டாகும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் சேரும்; ஊராட்சி செலவிடும் அளவு அதில் கழிக்கப்படும். மிகுதியை வாரியம் விலைக்கு வாங்கிக்கொள்ளும். அவ்வருவாயைக் கொண்டு கடன் அடைக்கப்பட்டது.