வண்டிச் சாவி இல்லாதவர்களின் ஊர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்த மனையை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தவர்கள் குறைவு. தாம்பரத்தில் வேனில் ஏற்றிக்கொள்வார்கள். சிங்கப்பெருமாள்கோயில் தாண்டியதும் காற்று மாறும். கழனியில் கொக்கு நிற்கும். நட்ட கற்களுக்கு மஞ்சள் பெயின்ட், சிமென்ட் வளைவில் ஏதோ ஒரு நகரின் பெயர், வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள், மதியத்துக்கு பிரியாணிப் பொட்டலம். "ஜி.எஸ்.டி. ரோட்டுலேருந்து அஞ்சே நிமிஷம் சார்" என்பார் கூட வந்தவர். பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, அவருடைய வண்டியில், அவர் ஓட்டினால் ஐந்து நிமிடம்தான்.

அதே தூரத்தை என் அம்மா ஒரு புதன்கிழமை கடந்தார். பென்ஷன் விஷயமாக செங்கல்பட்டு பேங்குக்குப் போக வேண்டும். ஒன்பதே கால் டவுன் பஸ் அன்றைக்கு வரவில்லை. ஏன் வரவில்லை என்று சொல்லவும் ஆளில்லை. முக்கால் மணி நேரம் நின்று, பால் வண்டிக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு ஏற்றிக்கொண்டு போய் நெடுஞ்சாலையில் இறக்கிவிட்டார். செங்கல்பட்டு பஸ் நிற்பது எதிர்ப்பக்கம். நடுவில் லாரிகள். எழுபது வயதில் அந்தச் சாலையைக் குறுக்கே கடப்பது என்பது பயணமல்ல, துணிச்சல். பேங்கில் டோக்கன் முடிந்துவிட்டிருந்தது. திரும்பி வந்தவர் செருப்பைக் கழற்றியபடியே கேட்டார்: "ஏம்ப்பா, இந்த ஊர் உனக்கு மட்டும் பாத்ததா?"

ஆமாம், எனக்கு மட்டும்தான் பார்த்திருந்தேன். பைக் சாவி என் சட்டைப் பையில் இருந்தது.

வேளச்சேரியில் வாடகைக்கு இருந்தவர்கள் நாங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் தரைத்தளத்துப் பொருட்களை எல்லாம் இழந்த பிறகே 'நகரத்தை விட்டுத் தள்ளிப் போய்விடலாம்' என்ற பேச்சு வீட்டில் தொடங்கியது. 2019 ஜூனில் கிளம்பினோம்: நான், மனைவி, அம்மா, ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய மகள், ஒன்றாம் வகுப்பு மகன். செங்கல்பட்டுக்கும் மதுராந்தகத்துக்கும் நடுவில், பாலாற்றுக்குத் தெற்கே ஓர் ஊராட்சி. பாதிப் பேருக்குக் கழனி உண்டு. மீதிப் பேர் மறைமலை நகர், மகேந்திரா சிட்டி பக்கம் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள். ஊரா, டவுனா என்றால் இரண்டும்தான்.

இந்த மாதிரி ஊர்களுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு வகையே இருக்கிறது. 5,000 பேருக்குக் குறையாமல், சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருந்து, ஆண் தொழிலாளர்களில் முக்கால்வாசிப் பேர் விவசாயத்துக்கு வெளியே வேலை பார்த்தால், அது ஊராட்சியாகவே நிர்வாகம் நடந்தாலும் கணக்கில் நகரம். தமிழ்நாட்டில் 2001இல் 111ஆக இருந்த இப்படிப்பட்ட ஊர்கள், 2011இல் 376 ஆகிவிட்டன. குடியேற வருகிறவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: வாழ்க்கை நகரத்துடையது, வசதி ஊராட்சியுடையது. பாதாளச் சாக்கடை கிடையாது. செப்டிக் டேங்க் நிரம்பினால் லாரிக்காரருக்கு போன் போட வேண்டும். குப்பை வண்டி வரும் நாளும் உண்டு, வராத நாளும் உண்டு. தெருவின் கடைசிக் கம்பத்து வீட்டில் மின்விசிறி எந்த வேகத்தில் சுற்றுகிறது என்பதை மாலை ஏழு மணிக்குப் போய்ப் பார்த்தால், மின்வாரியத்தைப் பற்றி வேறெதுவும் கேட்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனையை நாங்கள் வாங்கவில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் நிலைக்கு வந்துவிட்டோம். வளைவுக்கு எதிரே டீக்கடை வைத்திருந்த பெரியவர், காசு வாங்கும்போது "மழையில வந்து பாத்தியா தம்பி?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதன் பிறகுதான், முதலில் வாடகைக்கு வந்து இருந்து பார்ப்போம் என்று முடிவெடுத்தோம். அந்த டீக்குக் கொடுத்த பத்து ரூபாயைப் போல லாபம் தந்த முதலீடு என் வாழ்க்கையில் வேறில்லை.

செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. ஏரி என்றால் கரையும் தண்ணீரும் மட்டுமல்ல. பாசனத்துக்குத் தண்ணீர் விட மதகு, மிஞ்சியது வழிய கலங்கல், வழிந்த தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போக ஒரு கால்வாய், கரைக்குக் கீழே ஆயக்கட்டு. ஒன்று நிரம்பி அடுத்தது, அது நிரம்பி அதற்கடுத்தது என்று சங்கிலி போலப் போகும். விவசாயம் குறைந்த இடத்தில் ஆயக்கட்டுக் கழனிதான் முதலில் மனையாகிறது; சமமான தரை, ஏற்கெனவே வரப்பு கட்டிப் பிரித்த நிலம், அளந்து கல் நட சுலபம். கோடையில் பார்த்தால் மைதானம். கால்வாய் இருந்த இடத்தில் முப்பதடிச் சாலை. தண்ணீருக்கு லேஅவுட் படம் தெரியாது. கலங்கல் வழிந்த அன்று அது தன் பழைய பாதையில்தான் வரும்.

அடையாற்றின் ஓரத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் 2015இல் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். அங்கே வீடு வாங்கியவர்களும் நம்மைப் போல நகர இரைச்சலுக்கு வெளியே கொஞ்சம் காற்று தேடிப் போனவர்கள்தான். எங்கள் பக்கம் அந்தப் பாடம் 2021 நவம்பரில் வந்தது. பாலாற்றில் கரை நிறைய வெள்ளம் போனது. ஊர் ஏரி கலங்கலில் ஒரு வாரம் இரவும் பகலும் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் அட்வான்ஸ் கொடுக்கவிருந்த மனையைப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் கற்களின் தலை மட்டும் தெரிந்தது. கொக்குகள் அப்படியே இருந்தன.

ஊர்ப்பெயரையும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். தாங்கல் என்றால் சிறிய ஏரி, ஏந்தலும் அப்படித்தான். 'தாங்கல்' என்று முடியும் ஊரில் பள்ளத்து மனை வாங்கிவிட்டு மழையைத் திட்டுவது நியாயமில்லை. பெயர் போதாதென்றால் காகிதம் இருக்கிறது. கிராம வரைபடத்தில் ஏரியும் ஓடையும் வாய்க்காலும் தெளிவாகத் தெரியும். 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண் நன்செய்யா, புன்செய்யா, நத்தமா, புறம்போக்கா என்று எழுதியிருக்கும். அரசின் இணையச் சேவையில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பக்கத்துப் புல எண்களையும் சேர்த்துப் பாருங்கள். நம் மனை சுத்தமாக இருந்து, அடுத்தது ஓடைப் புறம்போக்காக இருந்தால், பத்திரம் நம் பெயரிலும் தண்ணீர் நம் வீட்டிலும் இருக்கும்.

கோடையில் கதை தலைகீழ். போர் போட்டால் தண்ணீர் வரும், ஆனால் என்ன தண்ணீர்? உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் மலிவாகக் கிடைக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். மீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டில் பருப்பு வேக எவ்வளவு நேரமாகிறது என்று என் மனைவி விசாரித்தாள். மீட்டர் சொன்னதையே அந்த அம்மாவும் சொன்னார்.

பத்திர விஷயத்தில் ஒன்றே ஒன்று. 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற சொல்லைக் கேட்டதும் எழுந்து வந்துவிடலாம். மனைப்பிரிவுக்கு அனுமதி தரும் அதிகாரம் ஊராட்சித் தலைவருக்கு இல்லை; எங்கள் பக்கம் அது டி.டி.சி.பி. எனப்படும் நகர் ஊரமைப்புத் துறையின் வேலை. 2016இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு அனுமதியில்லா மனைகளைப் பதிவு செய்வதே சிக்கலானது. முப்பது வருட வில்லங்கச் சான்று, பட்டா, மூலப்பத்திரம், ஒரு நல்ல வக்கீல். இதற்கு மேல் நான் சொன்னால் வக்கீல்கள் சிரிப்பார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். மகளுக்கு முதலில் யோசித்தது பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஒரு தனியார் பள்ளி. வேன் காலை ஆறே முக்காலுக்கு வரும், மாலை ஐந்தரைக்கு விடும். காற்றுக்கும் மரத்துக்கும் என்று ஊர் மாறிவிட்டு, பிள்ளையை நாளுக்கு மூன்று மணி நேரம் வேனுக்குள் அடைத்துவைப்பது என்ன கணக்கு? அதோடு வேன் கட்டணமும் கட்டுப்படியாகவில்லை. நடந்து போகும் தூரத்தில் இருந்த அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தோம். அடுத்த வருஷமே, 2020இல், ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. 2021இல் பொறியியல் போன்ற படிப்புகளுக்கும் நீண்டது. முன்யோசனைக்காரன் என்று சொந்தக்காரர்கள் என்னைப் பாராட்டுகிறார்கள். வேன் கட்டணத்தை நான் யாரிடமும் சொல்வதில்லை. மகனுக்குத் தொடக்கப் பள்ளியின் கடைசி வருஷத்தில் காலை உணவும் கிடைத்தது. 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்திருந்தது.

ஆனால் மகளுக்குப் பதினான்கு வயதானபோது வேறொரு கணக்கு தொடங்கியது. நூலகம், டியூஷன், தோழி வீடு, எல்லாமே யாராவது கொண்டுபோய் விட வேண்டிய தூரத்தில். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர். நடுவில் இரண்டு விளக்கு எரியாது, நான்கு நாய் உண்டு. அவள் சைக்கிளில் போவாள், இருட்டினால் மாட்டாள். ஆறு மணிக்கு மேல் அவளுக்கு இந்த ஊர் ஒரு வீடு மட்டும்தான். பையனுக்கு அப்படி இல்லை. ஏரிக்கரையில் கிரிக்கெட் முடித்து இஷ்டப்பட்ட நேரத்துக்கு வருவான். ஒரே ஊர் ஒரே வீட்டில் ஐந்து அளவில் இருக்கிறது.

மனைவிக்கு அந்த அளவை மாற்றியது பஸ்தான். 2021 மே மாதம் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனதும், செங்கல்பட்டில் ஒரு கடையில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் பெரிதில்லை, அதில் போக்குவரத்துக்குப் போவது ஒன்றுமில்லை. ஆனால் இலவச பஸ் ஓடும் தடத்தில் வீடு இருந்தால்தான் அது இலவசம். ரயிலும் அப்படித்தான். கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு 60 கிலோமீட்டர், மின்சார ரயிலில் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம். தாம்பரத்தோடு நின்றுவிடும் வண்டிகளும் அதில் நிறைய. செங்கல்பட்டுக்குத் தெற்கே அந்த ரயிலும் அரிது. 'ஸ்டேஷன் பக்கத்துல' என்று யாராவது சொன்னால், எந்த வண்டி அங்கே நிற்கிறது என்று கேளுங்கள்.

உடம்புக்கு முடியாமல் போனால்? நாங்கள் பயந்த அளவுக்கு இல்லை. அம்மாவின் பிரஷர் மாத்திரை அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வழியாக வாசலுக்கே வருகிறது. வேளச்சேரியில் இருந்தபோது நான்தான் மருந்துக்கடையில் வரிசையில் நிற்பேன். பெரிய வைத்தியத்துக்குச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. ராத்திரி 108 வர எவ்வளவு நேரமாகும் என்பதை அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். தெருப்பெயர் இல்லாத புது நகரில் வழி சொல்லவே ஐந்து நிமிடம் போய்விடும்.

பாம்பைப் பற்றி யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நான்குக்கும் ஒரே விஷமுறிவு மருந்துதான். அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை எடுத்துக் கொடுப்பது 1978இல் தொடங்கி, இதே மாவட்டத்தில் வடநெம்மேலியில் இருக்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம். கடித்தால் கிழிக்காமல், கட்டாமல், மந்திரிக்கப் போகாமல் நேரே ஆஸ்பத்திரி. வாசலில் விளக்கு, கையில் டார்ச், செங்கல் குவியல் வீட்டை ஒட்டி இல்லாமல் இருந்தால் பாதி பயம் தீர்ந்தது.

தீராத ஒன்று இருக்கிறது. வாடகை வீடு தேடியபோது முதல் கேள்வி "சொந்த ஊர் எது?" அடுத்தது "அங்க எந்தத் தெரு?" இரண்டாவது கேள்வி முகவரிக்காகக் கேட்கப்படுவதல்ல. ஊர், காலனி என்று பிரிந்தே இருக்கும் ஊர்களில் சாதி கேட்காமல் வீடு தருகிறவர் அரிது. எங்கள் தற்போதைய வீட்டுக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அதனாலேயே அந்த வீட்டுக்கு வந்தோம். பச்சையும் காற்றும் பார்த்து மயங்குகிறவர்கள் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, யார் எங்கே நின்று டீ குடிக்கிறார்கள் என்றும் பார்த்துவிட்டு வரட்டும். பிள்ளைகள் வளரப்போவது அங்கேதான்.

2023இல் மேட்டுப் பக்கத்தில், பஸ் நிறுத்தத்திலிருந்து முந்நூறு அடியில், சிறிய மனை ஒன்று வாங்கினோம். கொக்கு தெரியாது, விலையும் அதிகம். அம்மாதான் தேர்ந்தெடுத்தார், முதலில் பஸ்ஸில் போய்ப் பார்த்தார், பிறகு அடைமழையில் குடையோடு போய்ப் பார்த்தார். வீடு இன்னும் கட்டவில்லை. கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஆறிலும் அம்மா போகிறார். ஒன்பதே கால் பஸ்ஸை ஒழுங்காக விடச் சொல்லி ஒரே மனுவைத் திரும்பத் திரும்பக் கொடுக்கிறார். வாரத்தில் ஐந்து நாள் பஸ் வருகிறது. புதன்கிழமைதான் இன்னும் சந்தேகம்.