சொட்டுகூடச் சிந்தாமல் ஆயில் மாற்றலாம், தெரியுமா?

ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெய் தண்ணீரில் எவ்வளவு தூரம் பரவும், தெரியுமா? அரை ஏக்கர்! நம்ம சென்னைக் கணக்கில் சொன்னால் ஒன்பது கிரவுண்டு! மின்னலை ஆராய்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின் இருக்கிறாரே, அவர்தான் லண்டனில் கிளாப்பம் குளத்தில் ஊற்றிப் பார்த்துவிட்டு, 1774-ல் ராயல் சொசைட்டியின் ஏட்டில் இதை எழுதினார். காற்றில் சலசலத்துக்கொண்டிருந்த குளம், எண்ணெய் படப்பட அலையடங்கி வழவழவென்று ஆகிவிட்டதாம்.

இப்போது அந்த டீஸ்பூனைக் கையில் வைத்துக்கொண்டே வடசென்னைக் கொருக்குப்பேட்டைக்கு வாருங்கள். கூட்ஸ் யார்டுக்கு லோடு ஏற்றப் போகும் வேன் ஒன்று தெரு ஓரமாக நிற்கிறது. அடியில் ஒருவர் மல்லாந்து படுத்திருக்கிறார். 17-ம் நம்பர் ஸ்பானரால் ட்ரெயின் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, கடைசி இரண்டு மரையை விரலால் சுற்றுகிறார். சட்டென்று போல்ட் கழன்று விழுகிறது! சூடான கருப்பு ஆயில் மணிக்கட்டில் பட்டு முழங்கை வரை இறங்குகிறது. முதல் பீய்ச்சல் தட்டைத் தாண்டித் தரையில் விழுகிறது. அப்புறம் தட்டுக்குள் கைவிட்டு போல்ட்டைத் தேட வேண்டும். பனியன் வேஸ்ட்டால் துடைக்க வேண்டும். தரையில் விழுந்ததன் மேல் மண்ணை அள்ளிப்போட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்த ஆயில் எங்கே போனது?

அதைச் சொல்வதற்கு முன்னால் இன்னொன்று. அந்த போல்ட் அங்கே இருந்துதான் ஆக வேண்டும் என்று கட்டாயமே இல்லை, தெரியுமா?

ஆமாம்! போல்ட் இருந்த ஓட்டையிலேயே ஒரு குட்டி வால்வை முறுக்கி வைத்துவிடலாம். குவிக் ட்ரெயின் வால்வு என்பார்கள். ஜப்பானின் ஃபுமோட்டோ நிறுவனம் 1976-லிருந்து இதைச் செய்துகொண்டிருக்கிறது. கட்டைவிரல் பருமனில் ஒரு பித்தளை உடம்பு, உள்ளே நடுவில் துளையிட்ட ஒரு குண்டு, வெளியே ஒரு சின்ன நெம்புகோல். நெம்புகோலை ஸ்பிரிங்குக்கு எதிராகத் தூக்கிக் கால் சுற்று திருப்பினால் துளை நேராக வந்து ஆயில் இறங்கும். திருப்பி வைத்தால் அடைபடும். வாட்டர் கேனுக்குக் குழாய் வைத்த மாதிரிதான்! ஸ்பானர் வேண்டாம், கையில் ஆயில் படாது. வால்வின் முனையில் ஒரு ரப்பர் ஹோஸைச் செருகி மறுமுனையைக் கேனுக்குள் விட்டுவிட்டால் தட்டே தேவையில்லை.

ஓடுகிற ஓட்டத்தில் தானாகத் திறந்துகொண்டால்? எல்லோரும் கேட்கிற கேள்விதான். நெம்புகோல் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்; ஸ்பிரிங் அதை அங்கேயே அழுத்திப் பிடித்திருக்கும். தூக்காமல் திரும்பாது. அது போதாது என்பவர்களுக்கு மேலே மாட்ட ஒரு கிளிப்பும் உண்டு. இன்னும் நம்பிக்கை வரவில்லையா? வானத்தைப் பாருங்கள்! பிஸ்டன் இன்ஜின் வைத்த சின்ன விமானங்களில் இப்படிப்பட்ட ட்ரெயின் வால்வு சர்வசாதாரணம். ஃபில்டர் உள்ள விமான இன்ஜின்களுக்குச் சுமார் 50 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவது வழக்கம். அத்தனை முறையும் போல்ட்டைக் கழற்றிக்கொண்டிருக்க முடியுமா?

இதில் இன்னொரு பெரிய லாபம் இருக்கிறது, யாரும் அதிகம் பேசுவதில்லை. இன்றைய வண்டிகள் பலவற்றில் ஆயில் சேம்பர் அலுமினியம், போல்ட்டோ இரும்பு. ஒவ்வொரு சர்வீஸிலும் கழற்றி, "ஒழுகக் கூடாது" என்று முழு பலத்தோடு முறுக்கி முறுக்கி, ஒருநாள் மரை போய்விடும். சேம்பரையே மாற்ற வேண்டிய செலவு! வால்வை ஒருமுறை மாட்டிவிட்டால் அந்த மரையை யாரும் அடிக்கடி தொடப்போவதில்லை.

அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். மாருதி, ஹூண்டாய், ஹோண்டா கார்கள் பலவற்றில் எம்14, 1.5 மரை. டொயோட்டா என்றால் பெரும்பாலும் எம்12, 1.25. கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று மாற்றி முறுக்கினால் அதோடு தீர்ந்தது கதை. பழைய போல்ட்டைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய் மரையை ஒப்பிட்டு வாங்குங்கள். வால்வோடு வரும் புது வாஷரைப் போட்டு மாட்டுங்கள். மாட்டிய அன்று இரவு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்து வையுங்கள். காலையில் அட்டையில் ஒரு புள்ளி இருந்தாலும் தெரிந்துவிடும்.

சரி, மண்ணைப் போட்டு மூடிய ஆயிலுக்கு வருவோம். வடசென்னையைப் போல எண்ணெயோடு உறவுள்ள மண் தமிழ்நாட்டில் வேறு எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்! 1948-ல் பிறந்து எண்ணூரில் வேர்விட்டது அசோக் லேலண்ட். 1955-ல் திருவொற்றியூரில் புல்லட் செய்யத் தொடங்கினார்கள். மணலி சுத்திகரிப்பு ஆலை 1969-லிருந்து ஓடுகிறது. பெட்ரோல், டீசல் மட்டுமா? இன்ஜின் ஆயிலுக்கு மூலப்பொருளான பேஸ் ஆயிலும் அங்கே வருகிறது! வண்டியும் இங்கே, வண்டிக்குள் ஓடும் ரத்தமும் இங்கே.

இந்த மண்ணில்தான் பக்கிங்காம் கால்வாயும் ஓடுகிறது. 1806-ல் வெட்டிய முதல் துண்டே சென்னையிலிருந்து எண்ணூர் வரைக்குமானதுதான், தெரியுமா? கொருக்குப்பேட்டைத் தெருவில் சிந்தியதை அடுத்த மழை மழைநீர் வடிகாலில் தள்ளும். வடிகால் கால்வாயில் சேர்க்கும். கால்வாய் வடக்கே எண்ணூர் முகத்துவாரத்தைத் தொடுகிறது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைக்கிறவர்களின் வாழ்க்கை அங்கே இருக்கிறது. 2017 ஜனவரி 28-ல் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெயை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து வந்த எண்ணெய் இதே கால்வாய் வழியாக முகத்துவாரத்தில் இறங்கி, படகு, வலை, அலையாத்தி வேர் எல்லாவற்றிலும் கருப்பாகப் படிந்தது. அவை பெரிய விபத்துகள். தெருவில் சிந்துவது சின்னது. ஆனால் அது தினமும் சிந்துகிறது! ஒரு காலன் பழைய ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. சின்ன கார் ஒன்றிலிருந்து இறங்குவதே சுமார் மூன்று லிட்டர்.

மலைக்க வைக்கும் விஷயம் இன்னும் இருக்கிறது: இன்ஜின் ஆயிலில் உள்ள பேஸ் ஆயில் பெரும்பாலும் தேய்வதில்லை! அழுக்காகிறது, கரி சேர்கிறது, அதில் கலந்த ரசாயனங்கள் தீர்ந்துபோகின்றன. வடித்து, சூடேற்றி, மறுசுத்திகரிப்புச் செய்தால் மறுபடியும் பேஸ் ஆயிலாகிவிடும். 2024 ஏப்ரல் 1 முதல், பழைய ஆயிலை மறுசுழற்சிக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீதே சட்டம் வைத்திருக்கிறது. ஆனால் மண்ணோடு கலந்ததை எந்த ஆலையும் வாங்காது. கேனில் சுத்தமாகப் பிடித்தால்தான் அதற்கு மறுபிறவி. இந்தக் குட்டி வால்வின் உண்மையான பெருமை இதுதான் என்பேன். கை அழுக்காகாதது அதற்கு அடுத்தபடிதான்.

எல்லா வண்டிக்கும் சரிவருமா? வராது. வால்வு சேம்பரைவிடக் கீழே துருத்திக்கொண்டிருந்தால், கன்டெய்னர் டிரெய்லர் ஓடிப் பள்ளம் விழுந்த நம் சாலைகளில் அடிபடும். தாழ்வான பைக்குக்கு வேண்டவே வேண்டாம். அதற்கு அகலமான தட்டும் புனலும் போதும். ஒரு முறைக்குப் பத்துப் பதினைந்து லிட்டர் இறக்கும் லாரிக்கும், லோடு வேனுக்கும், உயரமான காருக்கும் அருமையான சாமான். போல்ட் ஓட்டையைவிட இதன் துவாரம் சிறியது, ஆயில் மெதுவாகத்தான் இறங்கும். இன்ஜினை ஐந்து நிமிடம் ஓட்டி, இளஞ்சூட்டில் திறந்துவிட்டு டீ குடித்து வாருங்கள். அடியில் ஒன்றிரண்டு ஸ்பூன் தங்கிவிடலாம். காந்த போல்ட் உள்ள வண்டியாக இருந்தால், அதில் ஒட்டும் இரும்புத்தூளைப் பார்க்கும் வாய்ப்பும் போய்விடும். எப்போதாவது வால்வைக் கழற்றி ஒரு பார்வை பார்ப்பது நல்லது. வாரன்டி இருக்கும் வண்டியென்றால் மாட்டும் முன் சர்வீஸ் சென்டரில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஃபில்டரைக் கழற்றும்போது சொட்டுகிறதா? ஒரு பாலிதீன் கவரை ஃபில்டர் மேல் மாட்டிக்கொண்டு கவரோடு சேர்த்துச் சுற்றுங்கள், ஒழுகுவது கவருக்குள்ளேயே நிற்கும்.

கேன் நிறைந்ததும் மூடியை இறுக்குங்கள். தண்ணீரோ மண்ணெண்ணெயோ பெட்ரோலோ அதில் கலக்காதீர்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூசக் கேட்பவருக்குக் கொடுக்காதீர்கள். மாசு கட்டுப்பாட்டு வாரிய அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கு அனுப்பும் சர்வீஸ் சென்டர் எது என்று விசாரித்து அங்கே ஒப்படையுங்கள்.