கடைக்காரருக்கும் ஓர் இருக்கை உண்டு

கொல்கத்தாவின் அலிப்பூர் பணக்காரர்கள் வசிக்கும் பகுதி என்று பேரெடுத்தது. ஆனால் 1876-இல் திறந்த மிருகக்காட்சிசாலை, பழைய சிறை, நீதிமன்றம், தேசிய நூலகம் எல்லாமே அங்கேதான் இருக்கின்றன. வந்துபோகும் கூட்டத்தை நம்பி ஜால்முரி என்னும் காரப்பொரி, டீ, பலூன் விற்பவர்களும் சின்னச் சாப்பாட்டுக் கடைக்காரர்களும் பிழைக்கிறார்கள். பழைய சிறை 2022 செப்டம்பரில் அருங்காட்சியகம் ஆனது. அடுத்த ஏப்ரலில் சங்கு வடிவத்தில் ஒரு பெரிய அரங்கமும் திறக்கப்பட்டது.

இடம் அழகாகும்போது முதலில் யாரை அப்புறப்படுத்துவார்கள் என்பது கொல்கத்தாவில் பழைய கேள்வி. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்ற பெயரில் நடைபாதைக் கடைகளை ராத்திரியோடு ராத்திரியாக இடித்தார்கள். அந்தச் சூட்டில் பிறந்ததுதான் ஹாக்கர் சங்கிராம் கமிட்டி என்ற நடைபாதை வியாபாரிகள் அமைப்பு. 2024 ஜூனில் ஆக்கிரமிப்புகளை முதல்வர் மம்தா பானர்ஜி கண்டித்ததும் மறுபடி புல்டோசர் இறங்கியது. சில நாளில் அவரே ஒரு மாத அவகாசம் கொடுத்து, கணக்கெடுப்புக்கும் உத்தரவிட்டார். இடித்துவிட்டுக் கணக்கெடுப்பது தலைகீழ் வரிசை.

சட்டம் சொல்லும் வரிசை வேறு. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி முதலில் கணக்கெடுப்பு, பிறகு விற்பனைச் சான்றிதழ். அது முடியும்வரை இருப்பவர்களை வெளியேற்றக் கூடாது. பொதுத் தேவைக்காக இடம் மாற்றுவதானாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். சரக்கைப் பறிமுதல் செய்தால் பட்டியல் எழுதி ஒரு பிரதியை வியாபாரியிடம் தர வேண்டும். கேட்டால் அழுகும் பொருளை அன்றே திருப்பித் தர வேண்டும். மற்றவற்றுக்கு இரண்டு வேலை நாள்.

இதைவிட முக்கியமானது நகர விற்பனைக் குழு. மாநகராட்சி ஆணையர் தலைமையில் இயங்கும் இந்தக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகள் இருக்க வேண்டும். அவர்களை வியாபாரிகளே தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். சந்தைச் சங்கம், வணிகர் சங்கம், குடியிருப்போர் நலச் சங்கம், போக்குவரத்துக் காவல் துறை ஆகியவற்றுக்கும் இடம் உண்டு. எங்கே விற்கலாம், எங்கே கூடாது என்ற திட்டத்தை மாநகராட்சி இந்தக் குழுவைக் கலந்தே தீட்ட வேண்டும். வாடகைக் கடைக்காரர் நடைபாதைக்காரரைப் பகையாகப் பார்ப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான். ஆனால் இருவரும் ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதே சட்டத்தின் ஏற்பாடு.

கனடாவின் டொரோண்டோவில் புளூர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்கள் 1970-இலேயே ஒருபடி மேலே போனார்கள். தங்கள் மேலேயே கூடுதல் வரி போடச் சொல்லி, அந்தப் பணத்தில் விளக்கும் இருக்கையும் செடியும் வைக்க நிர்வாகக் குழுவையும் அமைத்துக்கொண்டார்கள். காசு கொடுத்தவர் கணக்குக் கேட்பார், யோசனை நல்லதுதான். ஆனால் ஜால்முரி விற்பவரிடம் வரி கொடுக்கப் பணம் ஏது? நம் ஊருக்கு 2014 சட்டமே பொருந்தும்.

உரிமையோடு கட்டுப்பாடும் வருகிறது. சான்றிதழை விற்கவோ வாடகைக்கு விடவோ முடியாது. பெரும்புள்ளிகளுக்குப் பணம் கொடுத்து 'இடம் வாங்கியவர்' கையில் சட்டப்படி எதுவும் இல்லை. நடப்பவருக்கு வழியும் விட்டாக வேண்டும். 2019 ஜனவரியில் கொல்கத்தாவின் கரியாஹாட்டில் துணிக்கடைக் கட்டடம் எரிந்த பிறகு, நடைபாதைக் கடைகளின் பிளாஸ்டிக் கூரையை யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பயம் நியாயமானது.

அநியாயம் நடந்தால் புகார் எங்கே? சிவில் நீதிபதியாகவோ நீதித் துறை நடுவராகவோ இருந்தவர் தலைமையில் ஒரு குறைதீர் குழு அமைய வேண்டும் என்கிறது சட்டம். அங்கே எழுத்து மூலமாக மனு கொடுக்கலாம். கடை இருந்ததற்குத் தேதியுடன் படம், அபராத ரசீது, சங்கச் சந்தா ரசீது எதையும் தூக்கி எறியக் கூடாது. கணக்கெடுப்பு நாளில் ஊருக்குப் போய்விட்டவர்கள்தான் பிற்பாடு அதிகம் தவிப்பார்கள்.

அலிப்பூரோ அரக்கோணமோ, கடைத்தெருவில் 'அழகுபடுத்தும் பணி' என்ற பேச்சு எழுந்ததும் தகவல் உரிமைச் சட்டத்தில் நான்கு கேள்வி அனுப்புங்கள்: விற்பனைக் குழு அமைந்துவிட்டதா, உறுப்பினர் யார், கடைசிக் கணக்கெடுப்பு எப்போது, கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் கிடைக்குமா? கட்டணம் பத்து ரூபாய்; பதில் 30 நாளில் வர வேண்டும்.