கலைக்கப்பட்ட கட்சியும் தில்லியின் பாராமுகமும்

துவாரகா (தில்லி): துவாரகாவை அடுத்த உத்தம் நகர், ஜனக்புரி, விகாஸ்புரி பகுதிகளில் பர்மாவைச் சேர்ந்த சின் இன அகதிகள் பல ஆண்டுகளாக வாடகை அறைகளில் வசித்து வருகின்றனர். 1988-ம் ஆண்டு ராணுவ அடக்குமுறைக்குப் பிறகு மிசோரம் வழியாகப் படிப்படியாக வந்து சேர்ந்தவர்கள் இவர்கள். அந்த ஆண்டு தோன்றிய தேசிய ஜனநாயக லீக் ஆட்சிக்கு வந்தால் ஊர் திரும்பலாம் என்பதே பலரின் எதிர்பார்ப்பாக இருந்தது.

1990 தேர்தலில் 485 இடங்களில் 392-ஐ அக்கட்சி கைப்பற்றியது. ராணுவமோ அந்த நாடாளுமன்றத்தைக் கூட்டவே இல்லை. தண்டனை பெற்றவர்கள் உறுப்பினராக இருந்தால் கட்சியைப் பதிவு செய்ய இயலாது என்று 2010-ல் சட்டம் வந்தது. ஆங் சான் சூகியை நீக்க மறுத்த கட்சி, பதிவை இழந்தது. பின்னர் மீண்டும் பதிவு செய்து 2015, 2020 தேர்தல்களில் பெருவெற்றி பெற்றது. 2021 பிப்ரவரி 1-ல் ராணுவம் ஆட்சியைப் பறித்தது. 2023-ல் மீண்டும் ஒரு பதிவுச் சட்டம். மார்ச் 28-ல் கட்சி கலைக்கப்பட்டதாக அறிவிப்பு. தடை என்ற சொல்லே தேவைப்படவில்லை. 2025 டிசம்பர் 28-ல் தொடங்கிய தேர்தலில் அதற்கு இடமில்லை.

சூகி தில்லிக்கு அந்நியர் அல்லர். அவருடைய தாயார் இங்கு பர்மியத் தூதராக இருந்தார். அவர்கள் வாழ்ந்த அக்பர் சாலை 24-ம் எண் வீடுதான் 1978 முதல் பல்லாண்டுகள் காங்கிரஸ் தலைமையகமாக விளங்கியது. லேடி ஸ்ரீராம் கல்லூரியில் பயின்ற அவருக்கு 1993-ம் ஆண்டுக்கான நேரு விருதையும் இந்தியா வழங்கியது. ஆனால், ராணுவத் தலைவர் தான் ஷ்வே 2004-லும், கட்சி பதிவை இழந்த அதே 2010-லும் இங்கு அரசு விருந்தினராக வரவேற்கப்பட்டார். வடகிழக்குத் தீவிரவாதிகள், சீனாவின் செல்வாக்கு, எரிவாயு எனக் காரணங்கள் அடுக்கப்பட்டன.

சூகியும் குறையற்றவர் அல்லர். ரோஹிங்கியா விவகாரத்தில் 2019 டிசம்பரில் தி ஹேக் நீதிமன்றத்தில் தம் நாட்டு ராணுவத்தின் செயலுக்காக வாதாடியவர் அவரே. ஆனால் அந்தப் பழியைக் காட்டி அவர் கட்சிக்கு வாக்களித்த மக்களைக் கைவிடுவது நியாயமாகாது.

1962-ல் நே வின் ஆட்சியைப் பிடித்த பின் உடைமைகளை இழந்து கப்பலேறிய தமிழர்களின் வழித்தோன்றல்களுக்கு இது புதிய கதை அல்ல. சென்னை பர்மா பஜாரின் பெயரிலேயே அது இருக்கிறது. அவர்களுக்காவது தாய்நாடு என ஒன்று இருந்தது. உத்தம் நகர்வாசிகளிடம் இருப்பது ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை மட்டுமே. 1951-ம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. மண்டபம் முகாமை அறிந்த தமிழர்களுக்கு இதன் பொருளை விளக்கத் தேவையில்லை.