உஷார்! சின்னத் தப்புக்கு போலீஸ் நிறுத்தாது என்று நம்பி வண்டி எடுக்காதீர்கள்

அமெரிக்காவில் கார் ஓட்டும் தமிழர்களே! ரியர்வியூ கண்ணாடியில் தொங்கும் முருகன் டாலரை முதலில் கழற்றி உள்ளே வையுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

“டெயில் லைட் எரியலைன்னா, ஸ்டிக்கர் தேதி முடிஞ்சிருந்தா, போலீஸ் இனிமே நிறுத்தக் கூடாதாம். சட்டமே வந்தாச்சு” என்று யாராவது சொன்னால் பாதியை மட்டும் நம்புங்கள்.

அந்தப் பாதி எது? வர்ஜீனியாவில் 2021 மார்ச் 1 முதல், கண்ணாடியில் ஏதோ தொங்குகிறது, ஜன்னலில் கறுப்பு ஃபிலிம் அதிகம் என்பதற்காக மட்டும் போலீஸ் வண்டியை நிறுத்த முடியாது. ரிஜிஸ்ட்ரேஷன் காலாவதியாகிச் சில மாதங்கள் வரையிலும் அப்படியே. அடுத்து பிலடெல்பியா. 2022 மார்ச்சில் அங்கே நடைமுறைக்கு வந்த நகரச் சட்டம், ஒற்றை விளக்கு எரியாதது, பம்பர் நசுங்கியது, இன்ஸ்பெக்‌ஷன் ஸ்டிக்கர் இல்லாதது உட்பட எட்டு மீறல்களை இரண்டாம் பட்சமாக்கியது; அதாவது, அவற்றுக்காக மட்டும் வண்டியை நிறுத்த முடியாது. ஓரிகன் 2023-லும், கண்ணாடியில் தொங்கும் பொருளுக்கு மட்டும் இல்லினாய் 2024-லும் இதே வழிக்கு வந்தன.

காரணம் இல்லாமல் இந்தச் சட்டங்கள் வரவில்லை. சாலை விதி ஒன்றை மீறியிருந்தால் போதும், போலீஸின் உள்நோக்கம் என்னவாக இருந்தாலும் நிறுத்தியது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1996-ல் ரென் வழக்கில் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. சந்தேகப்பட்ட ஆளை நிறுத்த ஒரு பல்பு எரியாமல் இருந்தாலே போதும் என்றானது. அதிகம் மாட்டியவர்கள் கறுப்பினத்தவர்கள். 2021 ஏப்ரலில் மினசோட்டாவில் டான்டே ரைட் என்ற 20 வயது இளைஞரை நிறுத்தியதற்கு போலீஸ் சொன்ன காரணம், ரிஜிஸ்ட்ரேஷன் காலாவதி. கண்ணாடியில் ஏர் ஃப்ரெஷ்னர் தொங்கியதும் பேச்சில் வந்தது. சில நிமிடங்களில் அவர் போலீஸ் குண்டுக்குப் பலியானார்.

ஆக, சட்டம் நல்ல சட்டம்தான். ஆபத்து அதை அரைகுறையாகப் புரிந்துகொள்வதில் இருக்கிறது.

முதல் கண்ணி, எல்லை. பிலடெல்பியா சட்டம் கட்டுப்படுத்துவது அந்த நகரப் போலீஸை மட்டும்தான். நகருக்குள்ளேயே ஐ-95-ல் ரோந்து வருவது மாநிலப் போலீஸ். அவர்களை அது கட்டுப்படுத்தாது. பாலம் தாண்டினால் நியூ ஜெர்சி. வர்ஜீனியாக்காரர் பொட்டோமேக் ஆற்றைக் கடந்தால் மேரிலாண்ட். வண்டி அதேதான், சட்டம் வேறு. இருக்கிற சட்டமும் நிலைக்கும் என்று சொல்ல முடியாது: டயர் நிக்கல்ஸ் என்பவர் போலீஸாரால் அடித்துக் கொல்லப்பட்ட பின் 2023-ல் மெம்பிஸ் நகரம் இப்படி ஒரு சட்டம் போட்டது, 2024-ல் டென்னசி மாநிலம் அதைச் செல்லாததாக்கிவிட்டது.

இரண்டாவது கண்ணி, “மட்டும்” என்கிற சொல். விளக்கு எரியாததற்காக மட்டும் நிறுத்தக் கூடாது, அவ்வளவுதான். இண்டிகேட்டர் போடாமல் லேன் மாறினாலோ ஸ்டாப் போர்டில் முழுதாக நிற்காமல் உருட்டிப் போனாலோ தாராளமாக நிறுத்தலாம். நிறுத்தியபின் எரியாத விளக்குக்கும் சேர்த்து டிக்கெட் எழுதலாம். வேகம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வர்ஜீனியாவில் அனுமதித்த வேகத்துக்கு மேல் 20 மைல் போனாலோ, எந்தச் சாலையிலும் மணிக்கு 85 மைலைத் தாண்டினாலோ அது வெறும் அபராதத்தோடு முடியாது. கிரிமினல் குற்றம், 12 மாதம் வரை சிறை, 2,500 டாலர் வரை அபராதம்!

மூன்றாவது கண்ணி, விசா. டெக்சாஸில் சீட் பெல்ட் போடாத ஒரு தாயைக் கைவிலங்கிட்டுக் கைது செய்தார்கள். அதற்கு உச்சபட்ச அபராதமே 50 டாலர்தான். கைது செல்லும் என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடியுரிமை உள்ளவருக்கு அது அவமானத்தோடு போய்விடலாம். நமக்கோ, விசா விண்ணப்பத்தில் “எப்போதாவது கைதானதுண்டா?” என்ற கேள்வி காத்திருக்கிறது. 2025 வசந்தத்தில் வெளிநாட்டு மாணவர்கள் பலருடைய குடிவரவுப் பதிவு திடீரென ரத்தானபோது, அவர்களில் சிலர் மீது சாலை விதி மீறலைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. வழக்குகளுக்குப் பிறகே பதிவு திரும்பக் கிடைத்தது. குடித்துவிட்டு ஓட்டிக் கைதானால், தீர்ப்புக்கு முன்பேகூட விசா ரத்தாகலாம்.

பின்னால் நீலமும் சிவப்புமாக விளக்கு மின்னினால் என்ன செய்வது?

நம்மூரில் போலீஸ் கை காட்டினால் ஓரங்கட்டி, பேப்பரை எடுத்துக்கொண்டு இறங்கிப்போய் “சார்” என்று நிற்பதுதான் பழக்கம். அமெரிக்காவில் அதைச் செய்யவே செய்யாதீர்கள். வலது ஓரம் ஒதுங்கி, வண்டியை அணைத்து, இரண்டு கைகளையும் ஸ்டியரிங் மேல் தெரியும்படி வையுங்கள். இரவென்றால் உள்விளக்கைப் போடுங்கள். கேட்பதற்கு முன்பே லைசென்ஸுக்காக பாக்கெட்டிலோ க்ளவ் பாக்ஸிலோ கை விடாதீர்கள். கேட்டபின், “எடுக்கிறேன்” என்று சொல்லிவிட்டு மெதுவாக எடுங்கள். “இறங்கு” என்றால் மட்டும் இறங்குங்கள். அப்படிச் சொல்ல போலீஸுக்கு அதிகாரம் உண்டு என்று 1977-ல் தீர்ப்பானதும், பிலடெல்பியாவில் காலாவதியான நம்பர் பிளேட்டுக்காக நிறுத்தப்பட்ட ஒருவருடைய வழக்கில்தான்.

“நகரச் சட்டப்படி நீங்கள் என்னை நிறுத்தக் கூடாது” என்று ரோட்டில் வாதாடாதீர்கள். அதற்கு இடம் கோர்ட். வண்டியைச் சோதிக்கலாமா என்று கேட்டால், சம்மதமில்லை என்று பணிவாகச் சொல்லலாம்; மீறிச் சோதித்தால் தடுக்காதீர்கள். டிக்கெட் வேலை முடிந்தபின், தக்க சந்தேகம் இல்லாமல் மோப்ப நாய்க்காகக் காக்க வைப்பது தவறு என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2024 முதல், கேள்வி கேட்கும் முன்பே நிறுத்திய காரணத்தைப் போலீஸ் சொல்லியாக வேண்டும். பணத்தை நீட்டும் எண்ணம் கனவிலும் வேண்டாம்.

இந்த வார இறுதியிலேயே வண்டியை ஒருமுறை சுற்றி வாருங்கள். பிரேக்கை ஒருவர் மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று விளக்குகளைப் பாருங்கள். ஸ்டிக்கர் தேதி, நம்பர் பிளேட் மேல் விளக்கு, பிளேட்டின் திருகாணி, எல்லாவற்றையும் பாருங்கள். ஊரிலிருந்து புதிதாக வந்த தம்பி தங்கைக்குச் சாவி கொடுக்கும் முன் மறக்காமல் சொல்லுங்கள்: போலீஸ் நிறுத்தினால், சொல்லாமல் இறங்காதே!